பயிற்சி, பயிற்சி, பயிற்சி

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நலமா? இரண்டு வரி எழுதக் கை வலிக்கிறதா? கப்பல் வேலைக்குப் படிக்கும் என் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்றாலே தூக்கம். அதனால் இப்போது கடலையே பாடமாக்கிவிட்டேன். வகுப்பில் இரண்டு பழைய ரேடியோக்கள். இரண்டையும் ஒரு வயர் இணைக்கிறது, பேசுவது வகுப்பை விட்டு வெளியே போகாது. தடுப்புக்குப் பின்னால் ஒருவன் நின்று, கடலில் எண்ணெய் மிதப்பதாக அறிவிப்பான். கரையாக இன்னொருவன் பதில் சொல்வான். முதலில் மூன்று முறை 'பயிற்சி' என்று சொல்லியாக வேண்டும். கடலில் அப்படிச் சொல்லாவிட்டால் நிஜமென்று யாராவது தேடக் கிளம்பிவிடுவார்கள். பேசுமுன் தொண்டையைச் செருமக் கூடாது. அது, எப்போதும் செருமிவிட்டே பேசும் உன்னை நினைத்து வைத்த விதி!

உங்கள் கப்பல் எஞ்சின் அறையின் எண்ணெய்த் தண்ணீர் எங்கே போகிறது? எழுது.

உன் அக்கா

ஜூன் 23

அன்புள்ள டீச்சரக்காவுக்கு,

வம்பான கேள்வி கேட்கிறாய். சுத்திகரிக்கும் இயந்திரம் வழியாகப் போக வேண்டும். எங்களிடம் ஒரு திருட்டுக் குழாய் இருக்கிறது. இருட்டியதும் மாட்டுவோம், நேராகக் கடலுக்கு. பெரிய இன்ஜினியரின் உத்தரவு, மாட்டுவது நான். பாடத்தில் போட்டுத் தொலைக்காதே.

ஒன்று மட்டும் புரியவில்லை. கொட்டிய எண்ணெய் கலைந்து போகாமல் கப்பலின் பின்னாலேயே வருகிறது. திரும்பினால் அதுவும் திரும்புகிறது.

தம்பி

ஜூலை 5

தம்பி,

படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுக் கேப்டனிடம் சொல். வேலை போனால் போகட்டும், அக்கா இருக்கிறேன்.

அக்கா

ஜூலை 16

அக்கா,

குழாயைக் கழற்றிவிட்டேன். நாளை கேப்டனிடம் சொல்கிறேன். பெரிய இன்ஜினியர் என்னிடம் பேசுவதில்லை. எண்ணெய் இப்போது பின்னால் இல்லை, பக்கத்தில் வருகிறது. என் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. பயமாகத்தான் இருக்கிறது, சிரிக்காதே.

தம்பி

ஆகஸ்ட் 2

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடைசிக் கடிதத்தை உங்கள் கப்பல் சமையல்காரர் நேரில் கொண்டுவந்து தந்தார். "மறுநாள் காலைல டீ எடுத்துக்கிட்டுப் போனேன், ஆளைக் காணோம்மா. தவறி விழுந்துட்டார்னு சொல்றாங்க" என்றார். கேப்டனிடம் நீ பேசவே இல்லையாம்.

நீ காணாமல் போன அதே காலை, வகுப்பில் ரேடியோ கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல், "என்னைச் சுற்றிலும் எண்ணெய். நான் தண்ணீரில் இருக்கிறேன்" என்றது ஆங்கிலத்தில். தடுப்புக்குப் பின்னால் ஒரு பிள்ளை நிற்கிறான் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பயிற்சின்னு சொல்லாம ஆரம்பிச்சா எப்படி? மார்க் கிடையாது!" என்று கத்தினேன். குரல் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், தடுப்புக்குப் பின்னால் யாரும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறாய். வயரைக்கூடப் பிடுங்கிப் பார்த்தேன், அப்போதும் குரல் வந்தது. நான் திட்டியதை மறக்காமல், செருமாமல், முதலில் மூன்று முறை அந்த வார்த்தையைச் சொல்கிறாய். அப்புறம்தான் தண்ணீரில் இருப்பதாகச் சொல்கிறாய். பிள்ளைகளும் பாடத்தில் உள்ளபடி, "செய்தி கிடைத்தது, நன்றி" என்று முடித்துவிடுகிறார்கள். யாரும் உன்னைத் தேடிக் கிளம்புவதில்லை.

நாளை நானே ரேடியோ முன் உட்காருகிறேன். அந்த வார்த்தையைச் சொல்லாதே, கண்ணா. சொல்லாமல் கூப்பிடு.

அக்கா