உன்னை யானத்துக்கு அனுப்பிய சொல்

ஏம்ப்பா,

உன் பெரிய அகராதி என் வீட்டுக்கு வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உன் மகன் அதை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து, "அப்பா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க மாமா" என்று மேசைமேல் வைத்தான். பிரித்ததும் உன் மூக்குப்பொடி வாசனை. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பொடி மட்டும் இன்னும் பக்கங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தும்மலும் அழுகையும் ஒன்றாக வந்தன. பையன் தும்மலை மட்டும்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

நான் முதலில் புரட்டித் தேடியது 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லைத்தான். வேறு எதைத் தேடுவேன்?

எழுபதுகளின் கடைசி அது. நீ குரும்பகரம், நான் சுரக்குடி. திருநள்ளாறில் சேர்ந்துகொண்டு ஒரே பஸ்ஸில் காரைக்கால் ஆபீசுக்குப் போவோம். சனிக்கிழமையென்றால் கேட்கவே வேண்டாம், கோயில் கூட்டம். அப்படி ஒரு சனிக்கிழமை, நாம் இருவர் உட்கார்ந்திருந்த சீட்டருகே ஒரு அம்மாள் கூடையோடு வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க தம்பி" என்றார். நகர்ந்தோம். கூடை என் மடிக்கு வந்தது. நீ மட்டும் முழு வழியும் யோசித்துக்கொண்டே வந்தாய்.

"அந்தம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போயிருக்க மாட்டாங்க. அவங்க வாயில இந்தச் சொல்லு எப்படிய்யா வந்துச்சு?"

"பஸ்ஸுல வந்துச்சு" என்றேன்.

உனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஆரம்பித்தது உன் பைத்தியம். வேண்டாத ஃபாரம்களின் முதுகில் குறித்துவைப்பாய். டீக்கடையில் சர்க்கரை குறைந்தால் அட்ஜஸ்ட். ரேடியோ கரகரத்தால் முள்ளை அட்ஜஸ்ட். நடவுக் காலத்தில் ஒருவன் வயலுக்கு ஓடினால் இன்னொருவன் அவன் வேலையை அட்ஜஸ்ட். ரவிக்கை பிடித்தால் தையல்காரர் அட்ஜஸ்ட். மாமியார் பிடித்தால் மருமகள் அட்ஜஸ்ட்.

"நகந்து உக்காரு, பொறுத்துக்க, விட்டுக்குடு, ஒத்துப்போ... நம்மகிட்ட இல்லாத சொல்லா? அப்புறம் எதுக்கு இது?" என்று கேட்டுவிட்டு, நீயே பதிலும் கண்டுபிடித்தாய். "விட்டுக்குடுன்னா யாருக்கு நட்டம்னு பளிச்சுனு தெரிஞ்சுடும். அட்ஜஸ்ட்னா தெரியாது. இன்னொண்ணு பாத்தியா? சொல்றவன் பண்ணவே மாட்டான். கேக்கறவன்தான் பண்ணணும்."

அது எங்கிருந்து பிறந்தது என்பதுதான் உனக்குப் பிடிபடவில்லை. ஆபீசில் இருந்த குட்டி அகராதியில் பொருள் மட்டும்தான் இருந்தது. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஏதோ சான்றிதழுக்கு வந்தபோது அவரையும் விடவில்லை நீ. "எங்க பிரெஞ்சுலயும் உண்டு, அஜுஸ்தே. துப்பாக்கியில குறி பாக்குறதுக்கும் அதான்" என்றார் அவர். "அடப்பாவமே, துப்பாக்கி வரைக்கும் போவுதே!" என்று அன்று முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தாய். 'ஜஸ்ட்' என்றால் நியாயம்தானே, அப்படியானால் நியாயத்துக்குக் கொண்டுவருவதாக இருக்கும் என்பது உன் ஊகம். "நல்ல அகராதி கெடைக்கட்டும், மூலத்தைப் பாத்து மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்" என்றாய்.

அந்த வருஷம்தான் மாறுதல் பட்டியல் வந்தது. காரைக்காலில் வேலை பார்ப்பவனுக்குத் தஞ்சாவூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ மாறுதல் கிடையாது. பாண்டிச்சேரி, இல்லையென்றால் மாஹே, அதுவும் இல்லையென்றால் யானம். என் பெயருக்கு நேரே யானம் என்று இருந்தது. எனக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. செய்தி கேட்டதும் பெண் வீட்டார், "தெலுங்கு தேசத்துக்கெல்லாம் எங்க பொண்ண அனுப்ப முடியாதுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். யாராவது விருப்ப மனு கொடுத்தால் என் பெயரை எடுத்துவிடுவதாக அதிகாரி சொன்னார்.

உன் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். உன் அம்மா படுத்த படுக்கை. தெரிந்துதான் கேட்டேன். மாடிப்படியில் வைத்து, உன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"ஒரு வருஷம்தான்ப்பா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்."

நீ சிரித்தாய். "இதையும் குறிச்சுக்கவா?" என்றாய். மனுவை நான்தான் டைப் அடித்தேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று இருந்த இடத்துக்குக் கீழே நீ கையெழுத்துப் போட்டாய்.

ஒரு வருஷம் கிட்டத்தட்ட நாலு வருஷமாக இழுத்தது. பிள்ளை பிறந்ததற்குத் தந்தி போனது. நீ இரண்டு நாள் ரயிலிலும் பஸ்ஸிலுமாக வந்து முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் திரும்பினாய். எனக்கு எழுதிய கடிதங்களில் குறை என்று ஒரு வரி கிடையாது. "இங்கேயும் பஸ்ஸில் அட்ஜஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள், தெலுங்குக்காரர்களும் தப்பவில்லை" என்று ஒரு கடிதம். காக்கிநாடாவில் பழைய புத்தகக் கடையில் பெரிய அகராதி அகப்பட்டது என்று இன்னொன்று. மூலம் என்ன என்று உடனே கேட்டு எழுதினேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீ திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வந்திருந்தேன். உன் மகன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, உன்னைக் காட்டி, "இந்த மாமா யாரும்மா?" என்று கேட்டான். நீ டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பழகிடுவான்" என்றாய். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு ஒருநாள், "அந்தச் சொல்லு என்னாச்சு, பாத்தியா?" என்று கேட்டேன். "பாத்தேன். அப்புறம் சொல்றேன்" என்றாய். சாகும்வரை சொல்லவில்லையே, மனுஷா!

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். வேறு எத்தனையோ சொற்களுக்குப் பென்சில் கோடு போட்டிருக்கிறாய், அதற்கு மட்டும் இல்லை. நியாயம் என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்துக் குழப்பிக்கொண்டதாம். பழைய பிரெஞ்சில் அதற்குப் பொருள் ஒன்றாகச் சேர்ப்பது. லத்தீனில் வேர், 'அருகே.' பக்கத்தில் கொண்டுவருவது, அவ்வளவுதான். அந்தக் கூடைக்கார அம்மாள்தான் அதைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் அதைச் சொல்லி உன்னைப் பெண்டாட்டி பிள்ளையிடமிருந்து பிரித்து அனுப்பினேன். எனக்கு உறைத்துவிடும் என்றுதான் நீ வாயை மூடிக்கொண்டாய்.

பொறுக்க முடியாமல் உன் மகனிடம் சொன்னேன். "தம்பி, யானத்துக்குப் போக வேண்டியவன் நான். ஒங்கப்பா எனக்காகப் போனாரு."

அவன் விழித்தான். "அப்படியா? அப்பா, ஆசைப்பட்டு நானே கேட்டு வாங்குனேன்னுல்ல அம்மாகிட்ட சொல்லிருக்காங்க."

அப்படியே அவனோடு பஸ் ஏறிக் குரும்பகரம் போனேன். உன் மனைவி கூடத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தது. முப்பது நாற்பது வருஷமாக என்னை அண்ணே என்று கூப்பிட்டு, போகும்போதெல்லாம் காப்பி கொடுத்த பிள்ளை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முறம் நின்றது.

"வயித்துப் புள்ளையோட விட்டுட்டு ஊரு பாக்கப் போனாருன்னு நெனச்சேன்ணே. நாலு வருஷமும் காயிதத்துல 'நலம்'னு ஒத்த வார்த்தைதான் எழுதுவேன். வந்த பொறவும் ரொம்ப நாளு மொகம் குடுத்துப் பேசல." முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு தடவ எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?" என்றது.

உன்னிடம்தான் கேட்டது, என்னிடம் இல்லை. அகராதியைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. நீ சொல்லவில்லை என்பதற்காக உன்மேல் கோபமாகக்கூட இருக்கிறது, ஏம்ப்பா. நீ சொல்லியிருந்தால், அந்த நாலு வருஷமும் உன் மனைவி உனக்கு ஒரு நல்ல கடிதமாவது எழுதியிருக்கும்.