பழசை எப்போது விடுவது

டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்தை நேற்று உருவினேன். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட, பச்சைப் பட்டை ஓடும் நீளமான கம்ப்யூட்டர் தாள். வரிக்கு வரி உன் பென்சில் டிக். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அழுகை வரும் என்று பார்த்தால் வந்தது சிரிப்பு.

எழுபதுகளின் கடைசி அது. திருவொற்றியூரில், பம்பு செய்யும் தொழிற்சாலையில், நான் புரோகிராம் எழுதுகிறவன். நீ அங்கிருந்த கம்ப்யூட்டரை ஓட்டுகிறவன். இருவருக்கும் ஒரே வயது. பம்பு பூட்டும் எந்த மேடைக்கு எந்த உதிரிபாகம் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் அடித்துக் கொடுக்கும் லிஸ்ட் காலை ஏழு மணிக்குள் ஸ்டோருக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் முதல் ஷிப்டு மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் புதியது வந்திருந்தது. தோசைக்கல் அகலத் தட்டுகளை அடுக்கிய அந்தக் கனத்த டிஸ்க்கில் காத்திருந்தது. (இன்று பேரனிடம் அந்த டிஸ்க்கை விவரித்தால் கதை விடுகிறேன் என்கிறான்.) எனக்கோ அவசரம். மாற்றியவன் என்று பெயர் வாங்க வேண்டுமே! ஆயுத பூஜையன்று பூஜை முடிந்த கையோடு மாற்றிவிடுகிறேன் என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் உன்னிடம் சொன்னேன். டிஸ்க்குக்கு எப்போதும் பற்றாக்குறை என்பதால், பழைய சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை அன்றைக்கே அழித்துவிடலாம் என்றும் சொன்னேன்.

“இன்னா நைனா, கல்யாணத்துக்கா நாள் குறிக்கிற? மூணு வாரம் ரெண்டும் ஓடட்டும். ரெண்டு லிஸ்டும் ஒரே மாரி வந்தா அப்பால பழச வுட்டுடலாம்” என்றாய்.

பயந்தாங்கொள்ளி என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நீ சண்டைக்கு வரவில்லை. தினமும் லிஸ்ட் அடித்து முடித்ததும் பழைய டிஸ்க்கை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

பூஜையன்று காலை, மாலை போட்ட மிஷின்களை எல்லாம் சுற்றிவிட்டு சாம்பிராணித் தட்டு கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்தது. “புகைய உள்ள வுடாத. மிஷினுக்கு ஆவாது” என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். பக்கத்தில் மேனேஜர் நிற்கிறார். நான் திரும்பி, “உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் புரியாது, சும்மா இரு” என்றேன். அத்தனை பேர் முன்னால், உன் கழுத்தில் சிலுவை தெரிய நீ நின்றிருக்க, அப்படிச் சொன்னேன். உன் முகம் சுண்டிவிட்டது. நீ ஒதுங்கி நின்றாய். கதவைத் திறந்துவிட்டவன் நான்தான்.

புது டிஸ்க்கை ஏற்றிச் சுழலவிட்டுப் பாதி வேலைகூட முடியவில்லை. பல் கூசுகிற மாதிரி கிறீச்சென்று ஒரு சத்தம். தட்டைத் தொடாமல் மேலே மிதந்தபடி படிக்க வேண்டிய முனை, புகைத் துகளில் இடறித் தட்டையே சுரண்டிவிட்டது. புது சிஸ்டம் போயிற்று. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று முதல் ஷிப்டு கட்டாயம் ஓடும். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பழைய டிஸ்க்கை வாங்கி, டிஸ்க்கைச் சுழற்றும் அதே டிரைவில் மாட்டப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

“அந்த முனை ஒடஞ்சி கீது. இத்த மாட்டினா இதுவும் காலி. நம்மகிட்ட கீறது இது ஒண்ணுதான்.”

“அப்போ ரெண்டாவது டிரைவுல போடுடா!”

“புகை போவட்டும்.”

ஏ.சி.யைக் கூட்டி வைத்துவிட்டு என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாய். மதியச் சங்கு ஊதும்வரை திறக்கவிடவில்லை. நான் வராந்தாவில் நடந்த நடைக்கு எண்ணூருக்கே போய் வந்திருக்கலாம். பிறகு அறையைத் துடைத்து, இரண்டாவது டிரைவில் பழசை ஏற்றினாய். சத்தமே இல்லாமல் சுழன்றது. பிரிண்டர் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன்.

யார் செய்த வேலை இது என்று மேனேஜர் கேட்டார். “நாங்க ரெண்டு பேருமே அவசரப்பட்டுட்டோம் சார்” என்றாய். நீ எங்கே அவசரப்பட்டாய்?

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில்தான் எனக்கு வாய் வந்தது. மன்னித்துவிடு என்றேன். உப்புக்காற்றில் தலைமுடியைக் கோதிக்கொண்டே நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“எங்க கோயில்லயும் பூசைக்கு சாம்பிராணி போடுவாங்க நைனா. அந்தப் புகையிலயே வளந்தவன் நானு. சாமிக்கு ஆவும், டிஸ்குக்கு ஆவாது, அவ்ளோதான். ரெண்டாவது வாட்டி சொல்லியிருப்பேன். சொன்னா, நான் உங்க சாமிய வாணாங்கறேன்னு ஆயிடும். அதான் வுட்டுட்டேன்.”

அன்றே கேட்டேன் பார், அந்த மன்னிப்பை, அதுதான் இன்று எனக்குப் பெரிய நிம்மதி. தள்ளிப்போட்டிருந்தால் இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

புது சிஸ்டம் மறுபடி வந்தபோது மூன்று வாரம் இரண்டும் ஓடின. தினமும் இரண்டு லிஸ்டையும் வரிக்கு வரி பென்சிலால் டிக் போட்டு ஒப்பிட்டாய். இரண்டாவது வாரம் புது லிஸ்டில் ஒரு வால்வு வரிசையே காணாமல் போயிருந்ததை நீ கண்டுபிடித்தாய். நான் என் புரோகிராமைத் திருத்தினேன். மூன்றாவது வாரம் ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசித் தாளைப் பார்த்து முடித்துப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “இப்ப வுடலாம்” என்றாய். பழைய டிஸ்க்கை நீயே உன் கையால் அழித்தாய்.

அதன்பிறகு எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். எத்தனையோ மாற்றங்களுக்குத் தேதி குறித்திருக்கிறேன். குறிப்பதற்கு முன் மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பேன். ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவர் யாராவது ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “முன்னால ஏதோ சொன்னீங்களே, இன்னொரு தடவை சொல்லுங்க” என்பேன். அவர் சொல்லி முடிக்காமல் நான் எந்தத் தேதிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.