அப்பா இறக்கிய டேப்பு

அன்பு மகள் ஷாலினிக்கு அம்மா எழுதுவது. சாப்பிடுகிறேன், படுக்கிறேன், நல்லா இருக்கேன் என்று எழுதத்தான் கை வரவில்லை. குவைத்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் காக்கட்டும். போனில் சொல்ல வாய் எழவில்லை, அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கச் சிரமம்தான், எழுத்துக் கூட்டியாவது நீயே படி, மாப்பிள்ளையிடம் கொடுக்காதே.

தை மாசம் நம் வரிசை வீட்டுச் சாலுக்குப் பின்னால் உள்ள கிணற்றைச் சோதிக்க ஆபீசர் வந்தது உனக்குத் தெரியும். ஒரு பகல் முழுக்க மோட்டாரை ஓடவிட வேண்டும், பக்கத்தில் போட்ட போர்க் குழாய்க்குள் அளவு டேப்பை இறக்கித் தண்ணீர் எவ்வளவு இறங்குது, மோட்டாரை நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஏறுது என்று எழுத வேண்டும், அதை வைத்துத்தான் இந்தப் பூமி எத்தனை பேருக்குத் தண்ணீர் தரும் என்று கணக்குப் போடுவார்களாம். டேப்பு பிடித்து நோட்டில் எழுதுகிற வேலை அப்பாவுக்கு. இறைக்கிற தண்ணீர் கிணற்றுப் பக்கம் விழக்கூடாது, தூரத்து நாலாவில்தான் விழணும் என்று ஆபீசர் பைப்பை நீட்டிப் போட்டிருந்தார். அப்போது மூன்று நாளாக நல்லிக் குழாயில் தண்ணீர் இல்லை. நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகுதே என்று வயிறு எரிந்து, ஆபீசர் சாப்பிடப் போன நேரம் பைப்பை நான்தான் கிணற்றுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்கு இழுத்துவிட்டேன். சாலே வந்து துவைத்தது, டிரம் நிரப்பியது. அத்தனை தண்ணீரும் மண்ணில் இறங்கித் திரும்பக் கிணற்றுக்கே போயிருக்கிறது. அப்பா அந்தப் பக்கம் குனிந்தபடியே இருந்தார், பார்க்கவில்லை. டேப்பில் தண்ணீர் இறங்கவே இல்லை. ஆபீசர் வருமுன் பைப்பைப் பழையபடி போட்டுவிட்டேன்.

அருமையான கிணறு என்று இரண்டு பெரிய மோட்டார் வைத்தார்கள். பங்குனியிலேயே வற்றிவிட்டது. கண்ணாடியை வீட்டில வச்சிட்டா டேப்பைப் பாத்தீரு சுடலை என்று நம் சால் ராஜபாண்டி எல்லார் முன்னாடியும் அப்பாவைக் கேட்டான், மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் அங்கே குடத்தோடு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில், டேப்பு பொய் சொல்லாதுட்டி, நான்தான் தப்பாப் பாத்திருப்பேன், கிணத்துல இறங்கிப் பாத்துட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே காற்று இல்லை. அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும்.

நீ அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடித்துப் போன பிறகும் தண்ணீர் பிடிக்கப் போனால் அதே பேச்சுதான், சுடலை எழுதின தப்புக் கணக்கு என்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை ஆபீசர் மறுபடி சோதிக்க வருகிறார். சால் முழுக்க நிற்கும்போது அவரிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் நீ என் வாயால் தெரிந்துகொள்ளணும். திட்டுவதென்றால் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

பிள்ளைக்கு வெயில் ஆகாது, கவனம். தீர்க்காயுசாக இரு தாயி. அப்பாவின் நோட்டை அரிசி டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் அவர் எழுதினது அத்தனையும் சரி.

இப்படிக்கு,
உன் அம்மா முப்பிடாதியம்மாள்,
மாட்டுங்கா லேபர் கேம்ப்.