பாட்டை விட்ட தவக்காலம்

கீரி,
மன்னார்.
20.02.2026

அன்புள்ள றிம்ஷா,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, இன்பாஸ், குழந்தை மூவரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நோன்பு முடியும்வரை போனைத் தொடமாட்டேன், ஏதாவது சொல்ல இருந்தால் கடிதம் போடு என்று நீ சொன்னபோது பகிடி என்றுதான் நினைத்தேன். நேற்று அனுப்பிய செய்தி ஒன்றுக்கும் பதில் இல்லை. சரி, தோற்றேன். தபால் கந்தோருக்குப் போய் முத்திரை கேட்டேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

இந்த வருடம் உங்கள் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாகவே தொடங்கிவிட்டன. தவக்காலத்தில் ஆகப் பிடித்தது எதுவோ அதை விடுவது எங்கள் வழக்கம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் காலத்தில் நான் ஐஸ்கிறீமை விட, என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டவள் நீ. இந்த முறை நான் பாட்டை விட்டிருக்கிறேன். புதன்கிழமை கோயிலில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து, தவக்காலம் முடியும் உயிர்ப்பு ஞாயிறுவரை ஒரு வரிகூடப் பாடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகும் பாடுவேனா என்று தெரியவில்லை. மன்னார் ரவுணில், வாகனங்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு லீசிங் கம்பனியில் எனக்கு வேலை தருகிறார்கள். மே மாதம் சேர வேண்டும், ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறுகளிலும் ஊர் ஊராகப் போய்த் தவணை கேட்க வேண்டுமாம். கலியாணங்கள் எல்லாம் அந்த நாட்களில்தானே? அந்த வேலைக்குப் போனால் என் பாட்டுக்கு ஒரே முழுக்குத்தான். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். காலையில் பாலர் பாடசாலை, வார இறுதியில் கலியாண மேடை என்று இன்னும் எத்தனை வருடத்துக்கு அலையப்போகிறாய் என்று கேட்கிறா.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து நாலு பாட்டுச் செய்தோம். ஐந்தாவதற்கு மெட்டுப் போட்டு உனக்கு அனுப்பி இரண்டு வருடமாகிறது. உன் சொல் இன்னும் வரவில்லை. குறை சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன். சரி, குறையும்தான்.

உன் அன்பு,
நிறஞ்சலா


தெகிவளை.
28.02.2026

அன்பின் நிறஞ்சி,

உன் கடிதத்தை நோன்பு திறந்த கையோடு வாசித்தேன். வாசித்துவிட்டு இன்பாஸிடம், "இவளுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டேன். பாட்டை விடுகிறாளாம்! மீன் நீந்துவதை விட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

நான் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு எத்தனையோ பாட்டுக்காரர் வருகிறார்கள், போகிறார்கள். குரல் இல்லாததால் விட்டுப் போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. களைத்துப்போய் விட்டவர்கள்தான் எல்லோரும். நீயும் களைத்திருக்கிறாய், அவ்வளவுதான். முதலில் ஒன்று செய். பாட்டை இணையத்தில் போட்ட மறுநாளே எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பதை நிறுத்து. பதிவு செய்யக் கொழும்பில் நல்ல இடம் கிடைக்கட்டும் என்று இருக்காதே. உன் வீட்டு அலுமாரிக்குள், உடுப்புகளுக்கு நடுவே மைக்கை வைத்துப் பதிவு செய்தோமே முதல் பாட்டு, இங்கே இத்தனை மெஷின் வைத்துக்கொண்டும் அந்தச் சுத்தம் எங்களுக்கு வருவதில்லை.

இன்னொன்று. கலியாண மேடையில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே உன் பாட்டு ஒன்றைச் செருகுவாய், ஆனால் அது உன்னுடையது என்று சொல்லமாட்டாய். எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். பாடி முடித்ததும் களவெடுத்தவள் மாதிரி அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவாய். உன் பெயரை நீ சொல்லாவிட்டால் வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? தனியாகப் பாட்டுச் செய்பவளுக்குக் கம்பனி இல்லை, விளம்பரம் இல்லை. வாய் இருக்கிறது. அதைத் திற.

வேலைக்கு இப்போது பதில் சொல்லாதே. ஐந்தாவது பாட்டுக்கு எழுதுகிறேன், எழுதுகிறேன். நோன்பு முடியட்டும்.

அன்புடன்,
றிம்ஷா


கீரி.
15.03.2026

அன்புள்ள றிம்ஷா,

நீ கேட்டால் சிரிப்பாய். நான் இன்னும் சிரிக்கும் நிலைக்கு வரவில்லை.

முதலில் பாதர். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பது நான்தானே. அதை மறந்தே போனேன். நான் நேர்ந்ததைச் சொன்னதும் பாதர் தலையில் கைவைத்துவிட்டார். "பிள்ளை, இறைச்சியை விடு, சீனியை விடு. தவக்காலத்திலை ஆரும் பாட்டை விடுறதோ? இனி ஆர் எடுத்துக் குடுக்கிறது?" என்றார். கடைசியில் எங்களுக்குக் கீபோட் வாசிக்கும் எட்வேட் எடுத்துக் கொடுத்தார். நின்று செபிக்கும் ஒவ்வொரு தலத்திலும் ஒவ்வொரு சுருதி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அது போகட்டும். நேற்றுச் சித்தியைப் பார்க்க அரிப்புக் கிராமத்துக்குப் போனேன். பஸ்ஸில் கார்மென்ட் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைகள். கடைசிச் சீற்றில் ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியில் தாளம் தட்ட, மற்றவர்கள் பாடுகிறார்கள். என்ன பாட்டு தெரியுமா? நம்முடைய 'அலையே நீ உறங்கு'! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதே நேரம் கோபமும் வந்தது. மெட்டுப் பிழை. இறங்க வேண்டிய இடத்தில் ஏறுகிறார்கள். ஒரு வரியில் சொல்லையும் மாற்றிவிட்டார்கள். அதைச் சொன்னால் நீ அடிக்க வருவாய்.

நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு தாளம் தட்டியவள் கேட்டாள். "என்ன அக்கா, பாட்டுப் பிடிச்சிருக்கோ?"

உன் ஆலோசனை நினைவு வந்தது. வாயைத் திறந்தேன். "தங்கச்சி, அது என்ர பாட்டு."

"உங்கட பாட்டோ? அது இந்தியாப் படப் பாட்டு அக்கா. என்ர மச்சாள்ட கலியாண வீடியோவிலை இருக்கு."

"அந்தக் கலியாணத்திலை பாடினதே நான் தான்."

"அப்பிடியெண்டா ஒருக்காப் பாடிக் காட்டுங்கோவன், பாப்பம்!"

முழு பஸ்ஸும் திரும்பிவிட்டது. றிம்ஷா, என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் என் பாட்டை என்னிடம் கேட்கிறது. நானோ நேர்ந்திருக்கிறேன்! "இப்ப தவக்காலம், பாட ஏலாது" என்றேன். பஸ் குலுங்கச் சிரித்தார்கள். "நல்ல சாட்டு அக்கா!" என்றாள் அவள். ஜஸ்ரின் என்று பெயர். அரிப்பில் இறங்கும்போது எனக்குக் காதெல்லாம் சூடு.

சித்தி வீட்டில் இருந்து அழுதேன். வெட்கத்தில்தான் அழுகிறேன் என்று நினைத்தேன். இல்லை. பாடியிருக்கலாமே என்றுதான் அழுதேன்.

நிறஞ்சலா


தெகிவளை.
24.03.2026

அன்பின் நிறஞ்சி,

பெருநாள் நல்லபடி முடிந்தது. போனைத் திரும்பக் கையில் எடுத்துவிட்டேன், ஆனாலும் உனக்குக் கடிதம்தான். போனில் என்றால் பஸ் கதைக்கு நான் நாலு சிரிப்புப் படம் அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். கடிதம் என்றபடியால் இரண்டு நாள் யோசித்தேன்.

அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போ. அதே சனிக்கிழமை பஸ்ஸில் ஏறு. விளக்கம் சொல்லாதே, சண்டை பிடிக்காதே. இன்ன நாள், இன்ன இடம், வந்து கேளுங்கோ என்று சொல். ஏப்ரல் 12 ஞாயிறு வை. உன் தவக்காலம் முடிந்திருக்கும், அவர்களுக்கும் புத்தாண்டு லீவு தொடங்கியிருக்கும். மண்டபம் எடுக்காதே, கீரிக் கடற்கரை போதும். பத்துப் பேர் வந்தாலும் பாடு. உன்னை நேரே பார்த்துக் கேட்ட பத்துப் பேர் உன்னை விடமாட்டார்கள்.

என்னால் வர முடியாது. புத்தாண்டு விளம்பரங்கள் தலைக்கு மேல் கிடக்கின்றன. நீ கேட்காமல் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். ஐந்தாவது பாட்டுக்கு எழுத உட்கார்கிறேன் நிறஞ்சி. உட்கார்ந்தால் பிஸ்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் எழுதும் விளம்பர வரிதான் வருகிறது. எனக்கு அழுகையாக வருகிறது.

என் வரியை மாற்றினார்களா? என்ன மாற்றினார்கள்? உடனே எழுது.

றிம்ஷா


கீரி.
13.04.2026

அன்புள்ள றிம்ஷா,

வந்தார்கள்! சனிக்கிழமை பஸ்ஸில் ஏறிக் கூப்பிட்டேனே, அந்தப் பிள்ளைகள் ஒரு வான் நிறைய வந்தார்கள். ஜஸ்ரின் தன் தாயையும் கூட்டிக்கொண்டு வந்து முன்னுக்கு, மணலில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தாள். நம் ஊர்ச் சனமும் சேர்ந்துவிட்டது. காற்று மைக்குக்குள் புகுந்து ஒரே இரைச்சல். எட்வேட் தன் சேட்டைக் கழற்றி மைக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு பெனியனோடு கீபோட் வாசித்தார்.

நான் நீ சொன்னபடியே சொன்னேன். "நான் நிறஞ்சலா. இது என்ர பாட்டு. சொல் எழுதினது என்ர சினேகிதி றிம்ஷா."

பாடி முடிய ஜஸ்ரின் எழும்பி வந்தாள். "ஓம் அக்கா, நீங்கள் தான். இப்ப நம்பிறன். ஆனா ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. நாங்கள் பாடுறது தான் நல்லம்."

கடற்கரை முழுக்கச் சிரிப்பு. "அப்ப பாடுங்கோ" என்று மைக்கை நீட்டினேன். அவர்கள் பாடினார்கள். நீ 'அலையே நீ உறங்கு, கரையில் நான் விழித்திருப்பேன்' என்று எழுதினாய். அவர்கள் பாடுவது, 'அலையே நீ உறங்கு, விடிஞ்சால் எனக்கு வேலை இருக்கு.' அந்த இடத்தில்தான் மெட்டையும் மேலே தூக்குகிறார்கள். இரண்டாம் தரம் எல்லோருமே சேர்ந்து பாடினார்கள், அம்மா உட்பட. நான் பிழை என்று நினைத்தேனே, அது பிழையே இல்லை றிம்ஷா.

போகும்போது ஜஸ்ரின் கேட்டாள். "அடுத்த பாட்டு எப்ப அக்கா?"

வெளிப்படையாகவே கேட்கிறேன். ஏப்ரல் முடிவதற்குள் ஐந்தாவது பாட்டை எழுதி அனுப்பு. அனுப்பினால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அனுப்பாவிட்டால் போய்ச் சேருகிறேன். இனி உன் கையில்.

நிறஞ்சலா


தெகிவளை.
19.04.2026

அன்பின் நிறஞ்சி,

அந்த வரியை வாசித்ததும் முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு சமையலறையில் நின்று அதையே பாடிக்கொண்டிருந்தேன். அது என் வரியைவிட நல்ல வரி. கரையில் விழித்திருக்கும் பெண் யாரையும் நான் கண்டதில்லை. பாட்டு என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதினேன். அவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பாடுகிறார்கள்.

நான் எழுதமாட்டேன் நிறஞ்சி. முடியாமல் இல்லை. முக்கினால் ஏதோ ஒன்று வரும், நீயும் அதைப் பாடுவாய். ஆனால் நீ இரண்டு வருடமாக என் சொல்லுக்குக் காத்திருந்துதான் களைத்திருக்கிறாய். கொழும்பும் இல்லை, கலியாண மேடையும் இல்லை. உன்னை மறித்துக்கொண்டு நின்றது நான். எனக்கு இத்தனை பக்கம் எழுதுகிறாயே, இதில் எந்தப் பக்கத்தில் உனக்குச் சொல் வராமல் நின்றது?

என்னிடம் இருந்த ஆலோசனை எல்லாம் தந்துவிட்டேன். இது கடைசி: எனக்காகக் காத்திராதே. வேலைக்குப் போவதென்றால் போ, ஆனால் நான் எழுதாததால் போனேன் என்று சொல்லாதே. அதை என்னால் தாங்க முடியாது.

நாலு பாட்டு நம்முடையது. அதை நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமைதான்.

றிம்ஷா


கீரி.
27.04.2026

றிம்ஷா,

உன்மேல் சரியான கோபம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அம்மா பறித்துவிட்டா. அழுதும் பார்த்தேன். நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் ஆத்திரம்.

இன்று காலை லீசிங் கம்பனிக்குப் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மா இன்னும் முகம் தருகிறா இல்லை. சோற்றை மட்டும் தந்தா.

வரும்போது பஸ்ஸில் இது வந்தது. ஐந்தாவது பாட்டின் மெட்டுக்கு அப்படியே இருக்கிறது.

கீரிக் காத்தே, என்ர பேரைக் கேட்டியோ?
கேக்காட்டிலும் போ, நானே சொல்லுறன்.

இவ்வளவுதான் வந்திருக்கிறது. மிச்சத்தையும் நானே எழுதுவேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாசி, சத்தமாகப் பாடிப் பார். ஆனால் திருத்தி மட்டும் அனுப்பாதே.

நிறஞ்சலா