நட்சத்திரத்துக்குப் பின்னால் இருந்த ஆணி

ஆண்டர்சன்பேட்டை,
டிசம்பர் 12.

அன்பு மச்சான் சைலஸுக்கு,

வாசல் விளக்கு எரியாத வீட்டிலிருந்து உன் மாமா இன்பராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் உன் அக்கா எலைன் சுகம், மகள் ஜாய் சுகம். எனக்கு மட்டும் சில நாளாகக் குழம்பில் உப்பு விழுவதில்லை. காரணம் கீழே வருகிறது.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். கிழித்துப் போடலாம்தான், கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

முதலில் ஊர் சமாசாரம். எதிர்வீட்டு ஐடா டீச்சர் பெங்களூரிலிருந்து புது ஸ்டார் வாங்கி வந்து மாடியில் கட்டியிருக்கிறார். நிறம் நிறமாக மாறுகிறது. பார்க்கிற நமக்குத் தலை சுற்றுகிறது. அந்தம்மாவுக்கோ தலை நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. இதை வம்புக்காகச் சொல்லவில்லை. சரி, வம்புக்காகவும்தான். ஆனால் நடந்ததெல்லாம் அந்த ஸ்டாரில்தான் ஆரம்பித்தது.

ஹோசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இங்கேயே சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று நவம்பரில் நீ வந்தாய். முதல் வேலையாக எங்கள் கேட்டுக்கும், பக்கவாட்டு வழிக்கும், துணி துவைக்கும் கல்லுக்கும் விளக்கு போட்டாய். பழைய பியூஸ் போர்டைத் தூக்கிவிட்டு, கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்சையும் மாட்டினாய். கிளம்பும்போது சொன்னாய்: "மாமா, ஸ்டாருக்கு அந்தாண்ட தனியா கொக்கி போட்டிருக்கேன். கூரை ஓரமா போற இந்தப் பட்டை மேல மட்டும் ஆணி அடிச்சிடாதீங்க, உள்ள ஒயர் போவுது." நானும் பிரசங்கம் கேட்கிற மாதிரி தலையாட்டினேன். பிரசங்கம் கேட்கிற மாதிரியே மறந்தும் போனேன்.

நீ கொக்கி போட்ட இடத்தில் கட்டினால் கொய்யா மரம் மறைக்கிறதடா. ஐடா டீச்சர் ஸ்டார் தெரு முழுக்கத் தெரிய, என் காகித ஸ்டாரை அணில் மட்டும் பார்ப்பதா? உன் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, கேட்டுக்கு நேராக, கூரை விளிம்பில் ஓர் ஆணி அடித்தேன். காற்றில் ஆடாமல் இருக்க ஆணியிலிருந்து கொய்யா மரத்துக்கு ஓர் இரும்புக் கம்பியும் இழுத்துக் கட்டினேன். இன்ஜினியர் என்று நினைப்பு.

அன்றிலிருந்து வெளி விளக்கைப் போட்டால் எரியும். பனி இறங்கினால் டப் என்று சுவிட்ச் விழும். பக்கத்து வீட்டு நாகேஷ் மதில் மேல் தலையை வைத்து, "இன்னா சார், டிஸ்கோ லைட்டா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. மானம் போனால் எனக்கு வாய் நீளும், உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது பத்துப் பேர் நடுவில் சொன்னேன்: "எங்க சைலஸ் போட்ட லைட்டு பாவிகளைப் பாத்தா அணைஞ்சிடும்ங்க. சபைக்கும் அவனே போட்டான்னா கிறிஸ்மஸ் அன்னிக்கு ஒட்டுமொத்தமா இருட்டுதான்." எல்லாரும் சிரித்தார்கள். கமிட்டிச் செயலாளர் ஏனோக் காபி சிந்தச் சிரித்தார். சிரித்துவிட்டு அந்த வாரமே, உனக்குத் தருவதாக இருந்த சபை விளக்கு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். உன் சொந்தத் தொழிலின் முதல் பெரிய வேலை அது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசாமல் ஹோசூருக்கே பஸ் ஏறிவிட்டாய்.

இனி நான் சொல்ல வேண்டியது. சுவிட்சில்தான் கோளாறு, கழற்றி எறிந்துவிட்டு நேராக லைன் கொடுக்கிறேன் என்று போன சனிக்கிழமை விடியற்காலை, பனி காயுமுன் ஸ்குரூ டிரைவரோடு கிளம்பினேன். எலைன் போர்டுக்கு முன்னால் வந்து நின்றாள். "என் தம்பி மாட்டினது இது. கை வெச்சுப் பாருங்க. மொதல்ல எந்த ஒயருன்னு தேடுங்க" என்றாள். தேடினோம். மெயினை அணைத்து, ஒயரெல்லாம் சேர நீ வைத்த டப்பாவில் மூன்று விளக்கின் ஒயரையும் பிரித்தேன். கல் விளக்கை மட்டும் சேர்த்தேன், மெயினைப் போட்டாள், சுவிட்ச் விழவில்லை. வழி விளக்கு, அதற்கும் விழவில்லை. கேட் விளக்கைச் சேர்த்ததும் டப். மறுபடி மெயினை அணைத்துவிட்டு அந்த ஒயர் போகும் பட்டையைத் தடவிக்கொண்டே போனேன். ஸ்டார் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன். பெத்லகேமுக்குப் போன சாஸ்திரிகளுக்கு வழி காட்டியதுபோல எனக்கும் காட்டியது. அவர்கள் கண்டது பாலகனை. நான் கண்டது பட்டையைத் துளைத்து, ஒயருக்குள் இறங்கி, முனை கருகிப்போன என் ஆணியை.

நான் சிரிக்கத்தான் பார்த்தேன். எலைன் சிரிக்கவில்லை. அவள் அந்த இரும்புக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஜாயுடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

பெங்களூர் போய் ரயிலில் திரும்பி வந்து குளித்துவிட்டுத் தினமும் அதில்தான் துண்டு போடுகிறாள். ஒரு நாள், "கம்பிய தொட்டா சுருக்குன்னுச்சுப்பா" என்றாள். அதே நொடியில் விளக்கும் அணைந்தது. "எறும்புடி" என்றேன் நான். சைலஸ், நீ மாட்டிய சுவிட்ச் விழுந்ததால் அவள் சுருக்கோடு தப்பினாள். அந்தச் சுவிட்சைத்தான் நான் சபையில் வைத்துச் சிரித்தேன். அதைத்தான் கழற்றப் போனேன்.

மறுநாளே சபையில் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். என்ன ஆயிற்று தெரியுமா? அதற்கும் சிரித்தார்கள்! "இன்பராஜுக்கு வாரம் ஒரு ஜோக்கு" என்று முதுகில் தட்டினார்கள். ஆணியை எடுத்துக்கொண்டு ஏனோக் வீட்டுக்கே போனேன். துண்டு விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. "குடுத்த வேலைய திருப்பி வாங்க முடியாதே, இன்னா பண்றது" என்றார். என்னால் அதைத் திருப்ப முடியவில்லை, மச்சான். அதுதான் நிஜம்.

'சைலஸ் எலக்ட்ரிகல்ஸ், ஆண்டர்சன்பேட்டை' என்று நீ அடித்த கார்டுக் கட்டு எங்கள் பிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. எலைன் தூசி தட்டும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். முதல் கார்டை ஐடா டீச்சரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும்.

கம்பியை அவிழ்த்துவிட்டேன். ஒயரைத் துண்டித்து வைத்திருக்கிறேன். வேறு யாரையும் தொட விடவில்லை. கேரல் பாட வருகிறவர்கள் இந்த வருஷம் எங்கள் கேட்டில் இருட்டில்தான் நிற்க வேண்டும். ஏன் இருட்டு என்று கேட்பவர்களுக்கெல்லாம் துண்டிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

எலைன் கிறிஸ்மஸ் பலகாரம் கலகலாவுக்கு மாவு வாங்கி வைத்திருக்கிறாள். நீ வந்தால்தான் அடுப்பில் எண்ணெய் வைப்பாளாம். வா. ஏணியை நான் பிடிக்கிறேன், வாயைத் திறக்காமல் பிடிக்கிறேன். உன் கை வேலையைக் கர்த்தர் பெருகப் பண்ணட்டும். என் நாக்கையும் அவரே ஒரு கொக்கியில் மாட்டி வைக்கட்டும், நீ காட்டுகிற கொக்கியில்.

இப்படிக்கு,
உன் கையால் வெளிச்சம் வரக் காத்திருக்கும்
மாமா இன்பராஜ்