ஒன்பதாவது காய்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போகிக்கு முதல் நாள் தெற்கு மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பச்சை மொச்சை குவித்திருந்த கோணியிலிருந்து வாசனை மூக்கில் ஏறியதும், கை தானாக உன் நம்பரைப் போட்டுவிட்டது. அந்தப் பக்கம் எடுத்ததும், "இன்னாடி, மொச்சை வந்துட்சி, உனுக்கும் சேத்து வாங்கட்டா?" என்று கேட்டும்விட்டேன்.

"வாங்குங்க ஆன்ட்டி" என்றாள் உன் பெண். உன் போன் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வைத்துவிடலாமா என்று நின்றேன். அவளே பேசினாள்.

"ஏழு காய்க் கூட்டு ஆன்ட்டி. எங்க வீட்லயே வந்து பண்ணுங்க. அம்மா போனதுலேருந்து அப்பா உக்காந்து சாப்பிடறதே இல்ல. அடுப்பு மேடை பக்கத்துல நின்னுகினே தின்னுட்டுப் போயிடறாரு. பொங்கலுக்காவது எலை போட்டு உக்கார வைக்கணும்."

போன வருஷம் துக்க வருஷம், உங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. இந்த வருஷமும் உன் வீட்டுக்காரர், "அதெல்லாம் வேணாம், ஓட்டல்ல பார்சல் வாங்கிக்கலாம்" என்றுதான் சொல்லியிருந்தார். எதிர் வீட்டுக்காரி நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

நீ இருந்தபோது பொங்கல் காலையில் நம் மாடி வராந்தா முழுக்கப் பிள்ளைகளாக இருக்கும். பேப்பரை விரித்து மொச்சையைக் கொட்டுவாய். ஆளுக்கு ஒரு காய் ஒப்படைப்பாய். அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளைக்கு அந்தக் காய்தான் பெயர். "ஏய் சேனை, ஒழுங்கா கைல எண்ணெய் தடவிக்கோ", "பறங்கி, தம்பிய அடிக்காத" என்று உன் குரல் தெரு வரைக்கும் கேட்கும். என்னையும் விட்டாயா? ஒவ்வொரு வருஷமும் நான்தான் கத்தரிக்காய். கேட்டால், "உன் ஒடம்புக்கு அதான்டி பொருத்தம்" என்பாய். பதிலுக்கு நான் உன்னை அவரைக்காய் என்பேன். நீ அப்படித்தான் இருந்தாய்.

உன் சட்டம் ஒன்றே ஒன்று. "ஒத்தப்படையா இருந்தாதான்டி அது பொங்கக் கூட்டு. ரெட்டப்படையா போட்டா அது வெறும் கொழம்பு."

இந்தப் பொங்கலுக்கும் அப்படியே உட்கார்ந்தோம். உன் பெண், பெரியவள், அருவாமனையில் வாழைக்காய் நறுக்கினாள், உன்னைப் போலவே நாக்கைக் கடித்துக்கொண்டு. அவள் தம்பி சின்னவன் மொச்சை உரித்தான். பாதி பாத்திரத்தில், பாதி என் தலையில். ஏழு காயும் மஞ்சள் தண்ணீரில் கொதிக்க ஆரம்பித்தன. நான் தேங்காய் துருவத் திரும்பினேன். அதற்குள் சின்னவன் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டான்.

"ஆன்ட்டி! எட்டாயிடுச்சி!" என்று பெரியவள் கத்தினாள்.

"எனக்கு உருளைக்கெழங்கு இல்லாம கூட்டு வேணாம்" என்றான் இவன்.

பொறுக்கி எடுக்கலாம் என்று பார்த்தேன். உருளை எது, சேனை எது, சர்க்கரைவள்ளி எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மஞ்சள். "எட்டா போனா இன்னா இப்போ? சூரியன் வந்து எண்ணிப் பாக்கவா போறாரு?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "அம்மா பண்ற மாதிரி இல்லன்னா அப்பா உக்கார மாட்டாரு" என்றாள்.

டிவி சத்தம் நின்றது. உன் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"எட்டுன்னா இன்னா, ஒம்போதா ஆக்கிட்டா போச்சு."

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பண்டிகை நாள், பாதிக் கடை மூடியிருந்தது. பருப்பு வெந்து, தேங்காய் அரைத்து, நான் அடுப்பை அணைக்கலாமா என்று யோசித்தபோது வேர்க்க வேர்க்க வந்தார். கையில் ஒரே ஒரு பீட்ரூட்.

"இதான் கெடச்சுது."

"பீட்ரூட்டா? நாட்டுக் காய்தான் போடணும்பா!" என்றாள் பெரியவள்.

"கணக்கு சரியாவுதா இல்லியா?"

அவரே தோல் சீவி, அவரே நறுக்கிப் போட்டார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டு மெல்ல மெல்ல ரோஸ் நிறமானது. கல்யாண ரிசப்ஷனில் மேடைக்குத் துணி போடுவார்களே, அந்த ரோஸ்.

சூரியனுக்குப் படைத்தோம். மொட்டை மாடிச் சுவரில் காக்காய்க்கும் ஒரு இலை வைத்துவிட்டு இறங்கினேன். பெரியவள் கூடத்தில் இலை போட்டு, "நீங்கதான வாங்கினு வந்தீங்க. நீங்கதான் மொதல்ல உக்காரணும்" என்றாள்.

நின்றார். இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்கம்மா இருந்தா கரண்டியாலயே அடிச்சிருப்பா" என்றார். பெரியவள் இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் சாப்பிட்டார். கூட்டு நன்றாகத்தான் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால்.

உன்னிடமிருந்து எனக்குக் கூட்டு வைக்கிற பக்குவம் ஒட்டவில்லை. பெயர் வைக்கிற குணம் ஒட்டிக்கொண்டது. உன் வீட்டுக்காரரைப் படியில் பார்த்தால், "இன்னா பீட்ரூட் அண்ணே, இன்னிக்கு உக்காந்து சாப்டியா?" என்கிறேன். சாப்பிட்டேன் என்கிறார்.

பொங்கலன்று மத்தியானம் இலையை எடுக்க மாடிக்குப் போனேன். காக்காய் வந்துவிட்டுப் போயிருந்தது. சோறு இல்லை, வடை இல்லை, பறங்கிக்காய் இல்லை. பீட்ரூட் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பக்கத்தில் சுவர் மேல் காயப் போட்டிருந்த என் வீட்டுக்காரரின் புது வேட்டியில் வைத்திருந்தது. துவைத்துப் பார்த்தேன், கறை போகவில்லை. நீதான் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் அவர் அதையே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தார்.