ஓட்டோனியெல் பேருக்கு வந்த தாள்

அன்புள்ள அடெர்பாலுக்கு,

உன் டியூபாக்காரன், நம்ம ஊரு பேண்டுல அந்தப் பெரிய குழல ஊதுற ஜெஃபெரினோ எழுதுறேன். இங்க எல்லாரும் ஊதுற அளவுக்கு மூச்சோட இருக்கோம். அந்த சாவோ பாவ்லோ குளிர்ல நீ எப்பிடி இருக்க, உன் பொண்ணு லெனிரா ஒழுங்கா சாப்பாடு போடுறாளா, எழுது.

மாதா திருவிழாவுக்கு நீ எழுதி அனுப்பின புதுப் பாட்டு வந்து சேந்துச்சு. மத்தவன்லாம் ஆளாளுக்குக் குடுக்குற இசைத்தாள் மேல டிரம்பெட், கிளாரினெட்னு எழுதுவான். நீ மட்டும் ஆளு பேரத்தான் எழுதுவ. யாருக்கு எவ்வளவு மூச்சு, யாருக்கு முன்பல்லு போச்சுன்னு பாத்துப் பாத்து எழுதுவ. என் தாள்ல இப்பவும் மூணு வரிக்கு ஒருக்கா நிறுத்தம் குடுத்திருக்க. எனக்கு இளைப்புங்கிறத இப்பிடி ஊருக்கே காட்டிக் குடுக்கணுமாடா.

ஒத்திகையில, பேண்ட நடத்துற ஜசீரா ஒவ்வொரு பேரா வாசிச்சு தாளக் குடுத்துக்கிட்டே வந்தா. "ஓட்டோனியெல்"னு வாசிச்சவ அப்பிடியே நின்னுட்டா.

ஓட்டோனியெல் போன மழைக்காலத்துல செத்துட்டான்டா. அடக்கத்துக்கு நீயே விமானம் ஏறி வந்த. பெட்டிக்கு முன்பக்கம் நீ, பின்பக்கம் நான். நீ குட்டையா இருக்கிறதால பெட்டி சாஞ்சு, பொணம் நம்மள விட்டுட்டு முன்னாடி ஓடப் பாக்குதுன்னு நான் சொன்னேன். நீ அழுதுக்கிட்டே என்னைத் திட்டின.

டிரம் அடிக்கிற பெலார்மினோதான் முதல்ல சிரிச்சான். "நம்ம அடெர்பால் மாஸ்டர் சொர்க்கத்துலயும் கச்சேரி பிடிச்சிட்டாரு போல"ன்னான். அவனுக்கு மரியாதையா நீ வேணும்னே பேர எழுதியிருப்பன்னு சில பேரு சொன்னாங்க. நான் தாள வாங்கிப் பாத்தேன். ஓரத்துல உன் கையெழுத்து: "டேய், இந்த எடத்துல அவசரப்படாத. போன வருசம் மாதிரி மானத்த வாங்காத." செத்தவன யாரும் இப்பிடி அதட்ட மாட்டாங்க.

அவன் ஊத வேண்டிய பகுதிய சாக்ஸபோனுக்கு மாத்திடலாம்னு ஜசீரா சொன்னா. அடெர்பால் எழுதினதுல கைய வச்சா டியூபாவ அவ தலையில கவுத்துடுவேன்னேன். திருவிழாவுல அப்பிடியே வாசிச்சோம். நடுவுல எல்லாரையும் நிறுத்திட்டு அவன மட்டும் ஊத விட்டிருக்க பாரு, அங்க நாங்களும் நிறுத்திட்டோம். அவன் நாற்காலி காலியா கெடந்துச்சு. எப்பவும் நக்கல் பண்ற எதிர் பேண்டுக்காரனுங்களே தொப்பியக் கழட்டினானுங்க. முடிஞ்சதும் ஓட்டோனியெல் சம்சாரம் இவோனெச்சி வந்து, "உங்க கூட்டாளி அடெர்பாலுக்கு உடம்புக்கு என்ன?"ன்னு மெதுவா கேட்டா. அங்க குளிரு ஒத்துக்கலன்னு சொல்லி வச்சேன்.

லெனிராகிட்ட போன்ல பேசினேன், கோவிச்சுக்காத. ரொட்டி வாங்கப் போயி வழி தெரியாம நின்னியாம். கடைய எங்கயோ தூக்கிட்டுப் போயிட்டானுங்கன்னு தெருவுல சண்ட போட்டியாம். இங்க எந்தக் கடையும் நகரல. நகந்தாலும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் இருக்கேன். நாம ரெண்டு பேரும் குடிச்சுட்டுப் போறோம்னு ஊரு நெனச்சுக்கும். அது புதுசா என்ன.

ஜூன் மாசம் தீ மூட்டுற திருநாளுக்கு முன்னாடி வந்துடு. ஓட்டோனியெல் தாள அவன் நாற்காலி மேலயே வச்சிருக்கோம். மாத்துறதா இருந்தா நீ வந்து மாத்து. எங்க பேரெல்லாம் மறந்தாலும் பரவால்ல. ஒவ்வொருத்தனா எந்திரிச்சு ஊதுறோம், கேட்டுட்டு யாருன்னு சொல்லு.

எனக்கு எங்க மூச்சு வாங்கும்னு உனக்கு இன்னும் தெரியுது. அந்த ஞாபகமும் போறதுக்குள்ள வாடா. மாதா உன்ன வழி தப்பாம கொண்டாந்து சேக்கட்டும்.

மூணு வரிக்கு ஒருக்கா நின்னு நின்னு எழுதின,
உன் ஜெஃபெரினோ